பொறியாளர் ஒருவரையாவது அந்தப் பிள்ளைகள் நேரில் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ரோபாட்டிக்ஸ் போட்டியில் பரிசு வாங்கிய நம் தமிழ்ப் பிள்ளைகளின் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது, வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அன்று செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் வழக்கம்போல நான் போகும் உயர்நிலைப் பள்ளிக்குப் போனேன். அங்கே ரோபாட்டிக்ஸ் அணி இல்லை. இயற்பியல் வகுப்பு ஓர் ஆண்டு இருக்கும், ஆசிரியர் வேறு பள்ளிக்குப் போய்விட்டால் அடுத்த ஆண்டு இருக்காது. படிப்பவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பிள்ளைகள், மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள். படத்தில் இருந்த நம் பிள்ளைகளுக்கும் இவர்களுக்கும் புத்தியில் துளி வித்தியாசம் கிடையாது என்பதை ஆறு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அமெரிக்காவில் குடிநீர்த் துறையில் 26 வருடமாக வேலை பார்க்கும் சிவில் இன்ஜினியர். உங்கள் பத்திரிகையை இங்கே இருந்து படிப்பவர்களில் பெரும்பாலோர் இன்ஜினியராக இருப்பார்கள், இல்லையென்றால் வீட்டில் ஒருவராவது இன்ஜினியராக இருப்பார். அதனால் உங்களிடம்தான் இதைச் சொல்ல வேண்டும்.

சிறுபான்மை என்றால் நாமும் சிறுபான்மைதானே என்று கேட்பீர்கள். தலைக்கணக்குப்படி சரி. ஆனால் இன்ஜினியரிங் என்று வரும்போது நமக்குக் குறை ஒன்றும் இல்லை, எந்த அலுவலகத்துக்குப் போனாலும் நம் ஊர்ப் பெயர் நாலைந்து மேசையில் இருக்கிறது. நான் சொல்வது கறுப்பினத்தவர், ஹிஸ்பானிக் மக்கள் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளியினர்), அமெரிக்கப் பூர்வகுடிகள் ஆகியோரை. அமெரிக்க மக்கள்தொகையில் 100க்கு 13, 14 பேர் கறுப்பினத்தவர். இன்ஜினியரிங்கில் இளநிலைப் பட்டம் வாங்குகிறவர்களில் அவர்கள் 100க்கு 5 பேர் பக்கம்தான். என் அலுவலகத்தில் நான் சேர்ந்த முதல் பத்து வருடத்தில் ஒரே ஒரு கறுப்பின இன்ஜினியரோடுதான் வேலை பார்த்தேன். அதை அப்போது நான் கவனிக்கக்கூட இல்லை என்பதை இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

நாம் எப்படி இன்ஜினியர் ஆனோம் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்பதாவது படிக்கும்போது எனக்கு இன்ஜினியரிங் என்றால் என்னவென்றே தெரியாது. மாமா பையன் ஒருவர் படித்தார், அவரைப் பார்த்து அண்ணன் படித்தார், அண்ணனைப் பார்த்து நான். எந்தப் பாடத்தில் எவ்வளவு மார்க் வேண்டும், எந்தப் பிரிவு எடுத்தால் என்ன வேலை கிடைக்கும், முதல் செமஸ்டரில் கணக்கில் தோற்றால் உலகம் முடிந்துவிடாது என்பதெல்லாம் வீட்டிலேயே காதில் விழுந்துகொண்டிருந்தது. அதை ஒரு வசதி என்று அப்போது யாரும் சொல்லவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய வசதி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தப் பள்ளிக்கு முதல் தடவை போனபோது, இன்ஜினியர் என்றால் யார் என்று கேட்டேன். ஒரு பையன் சட்டென்று “ரயில் ஓட்டுகிறவர்” என்றான். அமெரிக்க ஆங்கிலத்தில் ரயில் ஓட்டுநருக்கும் அதே சொல்தான், அதனால் அவன் சொன்னதில் தப்பில்லை. அந்தப் பையன் யார் என்றால், சித்தப்பாவின் பட்டறையில் பழைய காரின் கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்துத் திரும்ப மாட்டுகிறவன். எந்தப் பல்சக்கரம் எத்தனை பல், அதனால் வேகம் எவ்வளவு குறையும் என்று வாய்க்கணக்காகச் சொல்வான். இதைப் படிப்பாகப் படிக்கலாம், அதற்கு மெக்கானிக்கல் இன்ஜினியரிங் என்று பெயர் என்று 15 வயதுவரை அவனிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை. அவன் குடும்பத்தில், தெருவில், அவர்கள் போகும் சர்ச்சில் ஓர் இன்ஜினியர்கூட இல்லை. சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இந்தப் பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை, வீட்டில் படிப்புக்கு மதிப்பு இல்லை, உழைக்க மாட்டார்கள் என்று நம்மவர்கள் விருந்துகளில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ஒரு காலத்தில் நானும் மறுத்துப் பேசாமல் இருந்திருக்கிறேன். இதே பேச்சை 1970களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்ற கணித ஆய்வு மாணவரும் கேட்டார். கறுப்பின மாணவர்கள் ஏன் கால்குலஸில் (நுண்கணிதத்தில்) நிறைய தோற்கிறார்கள் என்று ஆசிரியர்களிடம் விசாரித்தால், ஆர்வக்குறைவு, பள்ளிப்படிப்பு சரியில்லை, வீட்டில் ஊக்கம் இல்லை, வருமானம் இல்லை என்று காரணங்கள் வரிசையாக வந்தன. அவர் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் கறுப்பின மாணவர்கள் 20 பேர், சீன வம்சாவளி மாணவர்கள் 20 பேர் என்று எடுத்துக்கொண்டு, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து மாதக்கணக்கில் பார்த்தார். சொல்லப்பட்ட காரணங்கள் ஒன்றும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் சொன்ன நேரத்துக்கு உட்கார்ந்து, சொன்ன வீட்டுப்பாடத்தை ஒழுங்காகச் செய்தார்கள், ஆனால் தனியாக. சீன மாணவர்கள் தனியாகப் போட்டுவிட்டு, அப்புறம் கூடி உட்கார்ந்து ஒருவர் கணக்கை இன்னொருவர் பார்த்து, எங்கே தப்பு, பரீட்சையில் எது வரும், முந்தைய வருடம் என்ன கேட்டார்கள் என்று பேசினார்கள். ஒருவனுக்கு வராத கணக்கு நாலு பேருக்கும் வரவில்லை என்றால் அது கடினமான கணக்கு என்று அவர்களுக்குத் தெரியும். தனியாக உட்கார்ந்திருப்பவனோ தனக்குத்தான் புத்தி இல்லை என்று நினைத்துக்கொள்கிறான்.

அவர் செய்த மாற்றம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பின்தங்கியவர்களுக்கான கூடுதல் வகுப்பு என்று பெயர் வைத்து எளிய கணக்கு கொடுக்கவில்லை. நன்றாகப் படிப்பவர்களுக்கான பட்டறை என்று சொல்லி, பாடப்புத்தகத்தில் இருப்பதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்துக் கூட்டாகப் போட வைத்தார். தோல்வி வெகுவாகக் குறைந்தது. எத்தனையோ கல்லூரிகள் அதைப் பின்பற்றின. நான் செவ்வாய்க்கிழமைகளில் செய்வதும் இதைத்தான், சின்ன அளவில். நாலு பேருக்கு ஒரு வெள்ளைப் பலகை, ஒரு மார்க்கர், ஒரே ஒரு கணக்கு. நான் விடை சொல்வதில்லை.

சரி, கல்லூரியில் கூட்டாகப் படிக்கலாம், ஆனால் கல்லூரிவரை போக வேண்டுமே. இந்த ஊர்ப் பள்ளிக் கணக்கின் ஏணி பல பெற்றோருக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1, ஒன்பதில் ஜியோமெட்ரி, பத்தில் அல்ஜீப்ரா 2, பதினொன்றில் பிரீகால்குலஸ், பன்னிரண்டில் கால்குலஸ். ஒரு படி தவறினால் பள்ளி முடிவதற்குள் கால்குலஸ் வராது. நல்ல இன்ஜினியரிங் கல்லூரிகள் கால்குலஸ் படித்தவரைத்தான் முதலில் பார்க்கின்றன. ஆக ஒரு பிள்ளை இன்ஜினியர் ஆவதற்கான வழி 12, 13 வயதில், ஏழாம் வகுப்பு முடியும்போது யாரோ ஒருவர் நிரப்பும் ஒரு படிவத்தில் பாதி தீர்மானமாகிவிடுகிறது. நம் வீடுகளில் அந்தப் படிவத்தைப் பார்த்ததும் அப்பாவோ அம்மாவோ பள்ளிக்குப் போய்ச் சண்டை போட்டாவது பிள்ளையை அல்ஜீப்ராவில் சேர்த்துவிடுகிறோம். இரண்டு இடத்தில் வேலை பார்க்கும், ஆங்கிலம் சரியாக வராத ஓர் அம்மாவுக்கு அப்படி ஒரு படிவம் வந்ததே தெரியாது.

அது மட்டுமா, ஏணியின் மேல் படியே பல பள்ளிகளில் இல்லை. அமெரிக்கக் கல்வித்துறை 2020–21 பள்ளி ஆண்டுக்கு எடுத்த கணக்கில், கறுப்பின, லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) மாணவர்கள் மிக அதிகமாக இருக்கும் உயர்நிலைப் பள்ளிகளில் 35 சதவீதத்தில்தான் கால்குலஸ் வகுப்பே இருந்தது. அவர்கள் குறைவாக இருக்கும் பள்ளிகளில் 54 சதவீதம். இல்லாத வகுப்பில் எந்தப் பிள்ளை எப்படிச் சேரும்?

எங்கள் மேசைக்கு வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினொன்றாம் வகுப்பு. பாலம் கட்டும் படிப்பு படிக்க வேண்டும் என்று எட்டாவதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள். கணக்கில் எப்போதும் ஏ. அவள் பாடப் பட்டியலைப் பார்த்தபோதுதான் கவனித்தேன், அவளை ஒன்பதாவதில் போட்ட பிரிவு பன்னிரண்டு முடிந்தாலும் கால்குலஸ் பக்கமே போகாத பிரிவு. எல்லாம் ஏ வாங்கியிருந்தாள், ஆனால் வேறு ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறியிருந்தாள். மூன்று வருடத்தில் யாருமே அதைச் சொல்லவில்லை. நான் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம், “அப்போ நான் இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தேன் மிஸ்டர்?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, இன்றுவரை இல்லை. பள்ளியின் ஆலோசகரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நானூறு பிள்ளைகளுக்கு ஒருவர் என்றால் யாராலும் எல்லாப் பட்டியலையும் பார்க்க முடியாது.

என்ன செய்தோம் என்றால், கோடையில் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு வருடப் படிப்பு தரும் உள்ளூர்க் கல்லூரியில், பிரீகால்குலஸ் சேர்ந்தாள். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அங்கே பாடம் எடுக்கலாம், கட்டணம் பல இடங்களில் மிகக் குறைவு அல்லது இல்லவே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. பன்னிரண்டாவதில் சாயங்கால வகுப்பாக அங்கேயே கால்குலஸ் எடுத்தாள், பஸ்ஸில் போய் வந்தாள், பி வாங்கினாள். இப்போது சிவில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. அசையாமல் நிற்கும் பொருள்களின் மேல் விசைகள் எப்படி வேலை செய்கின்றன என்று படிக்கும் ஸ்டாட்டிக்ஸ் பாடம் கொடுமையாக இருக்கிறது என்று எனக்கு மெசேஜ் அனுப்புகிறாள். எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது என்று பதில் போட்டேன்.

இங்கே நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் அதைச் செய்ய வேண்டாம். பிப்ரவரியில் இன்ஜினியர்ஸ் வீக் என்று ஒன்று வரும், 1951 முதல் நடக்கிறது. அந்த வாரத்தில் எங்களைப் போன்றவர்கள் பள்ளிகளுக்குப் போய்ப் பேசுவது வழக்கம். நானும் ஸ்லைடு எல்லாம் தயார் பண்ணிக்கொண்டு போனேன். இன்ஜினியரிங் துறையில் நடுத்தரமான சம்பளம் நாட்டின் எல்லா வேலைகளையும் சேர்த்துப் பார்க்கும் நடுத்தரச் சம்பளத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று வரைபடம் காட்டினேன். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டார்கள், கைதட்டினார்கள். மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். போகவில்லை. வேலை, வீடு, வழக்கமான காரணங்கள். அடுத்த பிப்ரவரியில் அதே பள்ளிக்குப் போனபோது ஒரு பையன் வாசலிலேயே என்னைப் பார்த்து, “நீங்க போன வருஷம் திரும்ப வர்றேன்னு சொன்னீங்க” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வராதவர்கள் அவனுக்குப் பழகிப்போனவர்கள், அது முகத்திலேயே தெரிந்தது. அந்த வாரமே தலைமையாசிரியரைப் பார்த்து, கைரேகை, பின்னணிச் சோதனை எல்லாம் முடித்து, செவ்வாய்க்கிழமை என்று பிடித்தேன். ஒருநாள் உரையால் எதுவும் நடக்காது. வாராவாரம் அதே நாற்காலியில் அதே ஆள் உட்கார்ந்திருந்தால் மூன்றாவது மாதம் பிள்ளைகள் தாமாக வந்து தங்கள் கணக்கை, கல்லூரிப் படிவத்தை, சில சமயம் வீட்டுக் கஷ்டத்தைக் கொண்டுவந்து வைப்பார்கள்.

இது ஒன்றும் நான் கண்டுபிடித்தது இல்லை. 1970இல் கலிஃபோர்னியாவில் ஓக்லண்ட் டெக்னிக்கல் உயர்நிலைப் பள்ளியில் பள்ளிப் பிள்ளைகளைக் கணிதம், அறிவியல், இன்ஜினியரிங் பக்கம் கொண்டுவரும் மெசா என்ற திட்டம் 25 மாணவர்களோடு தொடங்கியது. பெர்க்லியில் இன்ஜினியரிங் சொல்லிக்கொடுத்த பேராசிரியர்கள் தங்கள் வகுப்பில் கறுப்பின மாணவர்கள் ஏன் இல்லை என்று கேட்டு, கல்லூரி வாசலில் காத்திருந்து பயனில்லை, பள்ளிக்கே இறங்கிப் போக வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அந்தப் பள்ளியின் கணித ஆசிரியை மேரி பெர்ரி ஸ்மித் உள்ளே இருந்து கை கொடுத்தார். மெசா இன்று பல மாநிலங்களில் இருக்கிறது. 1975இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்களே முன்னின்று நாஷனல் சொசைட்டி ஆஃப் பிளாக் இன்ஜினியர்ஸ் அமைப்பைத் தொடங்கினார்கள். இன்று அதற்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே கிளைகள் இருக்கின்றன. ஹிஸ்பானிக் இன்ஜினியர்களுக்கு 1974 முதல் ஓர் அமைப்பு, பூர்வகுடி அறிவியலாளர்களுக்கும் இன்ஜினியர்களுக்கும் 1977 முதல் ஓர் அமைப்பு. நாம் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். தலைவர் பதவி, பேனர், பொன்னாடை எதுவும் வேண்டாம். இருப்பவர்களிடம் போய், என்ன வேலை இருக்கிறது, செய்கிறேன் என்று கேட்டால் போதும்.

பிள்ளைகளுக்குச் சம்பளக் கணக்கு பிடிக்காது என்று சொல்லவில்லை, பணம் வேண்டும்தான். ஆனால் அவர்கள் கண்ணில் வெளிச்சம் வந்ததை நான் பார்த்தது ஃபிளின்ட் நகரத்தின் கதையைச் சொன்னபோது. மிச்சிகனில் இருக்கும் ஃபிளின்ட், மக்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். 2014 ஏப்ரலில் செலவை மிச்சம் பிடிக்கக் குடிநீரை ஃபிளின்ட் ஆற்றிலிருந்து எடுக்க ஆரம்பித்தார்கள். அந்தத் தண்ணீர் குழாயை அரிக்கும். அரிக்காமல் இருக்கப் பாஸ்பேட் சேர்த்தால் குழாயின் உள்பக்கம் மெல்லிய படலம் பிடிக்கும், ஈயம் தண்ணீரில் கலக்காது. என் துறையில் இது பாலபாடம். அதைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களின் ஈயம் வீடுகளின் குழாயடி வரை வந்தது. அதே வருடம் அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் இன்ஜின் தொழிற்சாலையில் உதிரிபாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று சொல்லி அந்தத் தண்ணீரை நிறுத்திவிட்டது. மக்கள் மட்டும் இன்னும் ஒரு வருடம் அதையே குடித்தார்கள். இதைச் சொல்லி முடித்ததும் வகுப்பில் சத்தமே இல்லை. பின் வரிசையில் ஒரு பெண் கை தூக்கி, அந்த அறையில் முடிவெடுத்தவர்களில் ஃபிளின்ட்டில் வளர்ந்த இன்ஜினியர் யாராவது இருந்தார்களா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். அடுத்த வாரம் அவள் தன் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்தாள், சோதித்துப் பார்க்கலாமா என்று. பார்த்தோம், நல்லவேளையாகச் சரியாகத்தான் இருந்தது. அதிலிருந்து தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் என்றால் என்ன, மில்லியனில் ஒரு பங்கு என்றால் எவ்வளவு என்று ஒரு மாதம் ஓடியது.

விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் சின்னக் கருவி நம் எல்லோர் வீட்டிலும் கொரோனா காலத்தில் இருந்தது. அது தோல் வழியாக ஒளியை அனுப்பி அளக்கிறது. கறுத்த தோலில் அது உண்மையைவிட அதிகமாகக் காட்டிவிடுகிறது. ஆபத்தான ஆக்சிஜன் குறைவைக் கருவி கவனிக்காமல் விட்டது வெள்ளை நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020 டிசம்பரில் ஓர் ஆய்வு சொன்னது. நம் தோலும் வெளுப்பு இல்லையே, இந்த விஷயம் நம்மையும் தொடுகிறது. கருவியை வடிவமைக்கும் மேசையில், சோதித்துப் பார்க்கும் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது இப்படி உயிர்வரை வந்து நிற்கிறது.

நம்மவர்களுக்கு இதில் ஒரு கடன் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன், இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். 1946 முதல் இந்தியாவுக்குக் கொடுத்த குடியேற்ற இடம் வருடத்துக்கு 100. நூறே பேர். 1965 அக்டோபரில் வந்த குடியேற்றச் சட்டம்தான் நாட்டுவாரி ஒதுக்கீட்டை எடுத்துவிட்டு, படித்தவர்களுக்கும் தொழில் தெரிந்தவர்களுக்கும் இடம் கொடுத்தது. அது எந்தக் காற்றில் வந்த சட்டம்? 1964இல் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் குடிமை உரிமைகள் சட்டம், 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் என்று கறுப்பின மக்கள் தெருவில் அடிபட்டு, சிறைக்குப் போய், உயிரையும் கொடுத்து வாங்கிய சட்டங்களை ஒட்டி, பிறப்பை வைத்து மனிதரைத் தரம் பிரிக்கக் கூடாது என்ற அதே நியாயத்தில் வந்தது. அந்த வழியாக வந்துதான் நாம் இன்ஜினியராக வேலை பார்க்கிறோம், வீடு வாங்கினோம், நம் பிள்ளைகள் பரிசு வாங்குகிறார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் அதிகமில்லை.

மேரி ஜாக்சன் கதையை நான் வருடத்துக்கு ஒரு தடவையாவது பிள்ளைகளிடம் சொல்வேன். வர்ஜீனியாவில் ஹாம்ப்டன் ஊர்க்காரர். கணிதமும் இயற்பியல் அறிவியலும் படித்து, பள்ளி ஆசிரியையாக இருந்து, 1951இல் பின்னாளில் நாசாவாக மாறிய நிறுவனத்தில் கணக்குப் போடும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே காற்றை வேகமாக வீசி விமான மாதிரிகளைச் சோதிக்கும் காற்றுச்சுரங்கத்தில் வேலை பார்த்த ஓர் இன்ஜினியர், நீயும் இன்ஜினியராகப் படி என்றார். படிக்க வேண்டிய வகுப்புகள் வெள்ளையர் மட்டும் படிக்கும் உயர்நிலைப் பள்ளியில் நடந்தன. நகர நிர்வாகத்திடம் மனுப் போட்டு அனுமதி வாங்கித்தான் உள்ளே போக முடிந்தது. 1958இல் நாசாவின் முதல் கறுப்பினப் பெண் இன்ஜினியர் ஆனார். எல்லோரும் இதோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதற்கு அப்புறம் நடந்ததுதான் பெரிதாகத் தெரிகிறது. 1970களில் தன் ஊர்ச் சமூகக்கூடத்தில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு அவர்கள் கையாலேயே ஒரு சிறிய காற்றுச்சுரங்கம் கட்ட வைத்தார். 1979இல் இன்ஜினியர் பதவியை விட்டு, பெண்களுக்கும் சிறுபான்மையினருக்கும் வேலை உயர்வுக்கு வழி செய்யும் பொறுப்புக்குப் போனார், அது பதவியில் ஒரு படி கீழே. மேலே போய்ச் சேர்ந்த ஒருவர் திரும்பி வந்து கீழே நிற்பவர்களோடு உட்கார்ந்தார். முதலில் அவரிடம் “நீ படி” என்று சொன்ன அந்த ஒரு வாக்கியம் இல்லாமல் இதில் எதுவும் நடந்திருக்காது என்பதையும் கவனியுங்கள்.

ஹோசே எர்னாண்டஸ் என்ற விண்வெளி வீரரைப் பற்றியும் சொல்வேன். பெற்றோர் கலிஃபோர்னியாத் தோட்டங்களில் அறுவடைக்கு ஊர் ஊராகப் போகும் மெக்சிகோ தொழிலாளர்கள். 12 வயதுவரை அவருக்கு ஆங்கிலம் சரியாக வராது. இரண்டாம் வகுப்பு ஆசிரியை வீட்டுக்கே போய், பிள்ளைகள் படிக்க வேண்டுமானால் ஓரிடத்தில் தங்குங்கள் என்று பெற்றோரிடம் பேசினார். அவர் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர் ஆனார், நாசாவுக்கு விண்ணப்பித்து 11 தடவை இல்லை என்று சொன்னார்கள், 12ஆவது தடவை எடுத்தார்கள், 2009இல் விண்வெளிக்குப் போனார். இந்தப் பிள்ளைகள் இந்தக் கதையில் ராக்கெட்டைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை, அந்த ஆசிரியை வீட்டுக்கு வந்ததைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

பெற்றோரைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அவர்களுக்குப் பயம் பணத்தைப் பற்றி. நாலு வருடம் கடன் வாங்கிப் படித்துப் பாதியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று ஓர் அப்பா என்னிடம் கேட்டார், ரொம்ப நியாயமான கேள்வி. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மத்திய அரசின் பெல் உதவித்தொகை உண்டு, திருப்பித் தர வேண்டியதில்லை, ஆனால் அதற்கான படிவத்தை ஒவ்வொரு வருடமும் நிரப்ப வேண்டும், அங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். முதல் இரண்டு வருடம் கம்யூனிட்டி காலேஜில் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறினால் செலவு பெருமளவு குறையும், கையில் வாங்கும் பட்டம் அதேதான். எங்கே படித்தாலும் அந்தப் படிப்புக்கு ஏபெட் (இன்ஜினியரிங் படிப்புகளின் தரத்தைப் பார்க்கும் அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள், அது இல்லாவிட்டால் பின்னால் இன்ஜினியர் உரிமம் வாங்குவது சிரமம். நமக்கெல்லாம் அத்துப்படியான இந்த விஷயங்கள் அந்த அப்பாவுக்குப் புதுச் செய்தி. மொபைலில் எழுதிக்கொண்டு போனார்.

2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. நம்மவர்களில் சிலர் அதைக் கொண்டாடினார்கள், சிலர் வருந்தினார்கள், அந்தச் சண்டையை இங்கே இழுக்க எனக்கு விருப்பமில்லை. விளைவை மட்டும் பாருங்கள். மாசசூசெட்ஸில் இருக்கும் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் அதற்கு முந்தைய சில வருடங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களில் சராசரியாக 13 சதவீதம் கறுப்பின மாணவர்கள், 2024இல் சேர்ந்தவர்களில் 5 சதவீதம். கல்லூரி வாசலில் கிடைத்த கை இனி இல்லை. அப்படியானால் ஏழாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் யாராவது கை கொடுத்தாக வேண்டும். தீர்ப்பு சரி என்று நினைப்பவருக்கு இதில் கூடுதல் பொறுப்பு இருக்கிறது என்றுதான் சொல்வேன், திறமையை மட்டும் பார்க்கட்டும் என்றால் திறமை வளர வகுப்பறை வேண்டுமே.

நேரம் இல்லை என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பல நிறுவனங்கள் தொண்டுக்கென்று வேலை நேரத்திலேயே மணிக்கணக்கு ஒதுக்குகின்றன, அதைக் கேட்டு வாங்கலாம். கோடையில் உங்கள் அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப்புக்கு ஆள் எடுக்கும்போது நண்பர் வீட்டுப் பிள்ளைக்குக் கேட்பதுபோல, இந்தப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கும் சேர்த்துக் கேட்கலாம். இது எனக்கே கடினமாக இருந்தது, முதலில் சிபாரிசு செய்யும்போது மேலாளர் என்ன நினைப்பாரோ என்று தயங்கினேன். நான் அனுப்பிய பையன் எங்கள் பம்ப் நிலைய வரைபடத்தில் ஒரு வால்வு தப்பான பக்கம் போட்டிருந்ததைக் கண்டுபிடித்தான், கியர்பாக்ஸ் பிரிக்கும் அதே பையன்தான். அடுத்த கோடையில் மேலாளரே கூப்பிட்டு, இந்த வருடமும் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

ஆசிரியரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாதம் ஒருமுறை கால் பக்கம் ஒதுக்குங்கள். எந்த ஊரில் எந்தப் பள்ளிக்கு, என்ன கிழமை, என்ன பாடத்துக்கு ஆள் தேவை என்று வாசகர்கள் எழுதி அனுப்பட்டும், நீங்கள் போடுங்கள். பரிசு வாங்கிய நம் பிள்ளைகளையும் அதில் சேர்க்கலாம், தங்கள் ரோபாட்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்துப் பள்ளியில் ஓர் அணி தொடங்க உதவட்டும், அவர்கள் பழைய பாகங்களே போதும்.

முதல் அறிவிப்பை நானே தருகிறேன். செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 3:30 முதல் 5:30 வரை. இன்னும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இயற்பியல் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவராக இருந்தால் நல்லது, இந்த வருடம் அங்கே அந்த ஆசிரியர் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஒரு சிவில் இன்ஜினியர்